சின்னக் கேட்டு முதலில்

இன்று பள்ளி விட்ட நேரத்தில் என் கை என்னைக் கேட்காமலே ஒரு லொறியைத் தட்டியது.

கொழும்பில் எங்கள் பள்ளிக்கு முன்னாலுள்ள சந்தியில் புதிதாக விளக்குக் கம்பம் நட்டிருக்கிறார்கள். பச்சை விழுந்ததும் பிள்ளைகள் நேராகக் கடக்க இறங்கினார்கள். அவர்களை ஒட்டி நின்றிருந்த லொறியும் அதே பச்சைக்குப் புறப்பட்டு இடப்பக்கம் திரும்பியது. முன்சக்கரம் விலகிப் போனது. பின்சக்கரம் மூலையை வெட்டிக்கொண்டு பிள்ளைகள் மேல் வந்தது. என் மடித்த குடை லொறியின் இடப்பக்கப் பலகையில் மூன்று முறை விழுந்தது. லொறி நின்றபோது ஒரு சிறுமியின் சாப்பாட்டுப் பெட்டி சக்கரத்தின் அடியில் நசுங்கிக் கிடந்தது. சிறுமிக்கு ஒன்றுமில்லை.

நனைந்த பலகையில் கம்பு படும் அந்தச் சத்தம் உன்னுடையது. இத்தனை வருடங்களுக்குப் பிறகு என் கையிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை.

மாலையில் வீதி இலாகாவிலிருந்து ஒரு இளம் இன்ஜினியர் வந்தார். நல்ல மனிதர். "நடக்கிறவங்களுக்கு முதல்ல வழி விட்டு, வாகனத்துக்குப் பிறகு பச்சை போடலாம், மிஸ். எவ்வளவு நேரம் முன்னால விடணும்? அதை நீங்கதான் சொல்லணும். தினமும் பாக்கிறவங்க நீங்க" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். பதில் எனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லாமல் அவரிடம் சொல்லக்கூடாது என்று தோன்றியது.

நீயும் நானும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் பிறந்தவர்கள். ஐந்தாம் வகுப்பு வரை ஒரே வாங்கில் உட்கார்ந்தோம். பிறகு பாதிரியார் தயவில் நான் கண்டிக்குப் படிக்கப் போனேன். நீ கொழுந்து பறிக்கக் கூடை எடுத்தாய். கல்லூரி முடித்து, நம் தோட்டப் பள்ளிக்கே நான் ஆசிரியையாக வந்த அன்று நீ சொன்னதை மறக்கவில்லை. "வெளியில பார்த்தா நீங்க டீச்சர். லயத்துக்குள்ள வந்துட்டா நீ பழைய மூக்கொழுகிதான்டீ."

நம் தோட்டத்துக்குக் கீழே ரோட்டை ரெயில் பாதை குறுக்கே வெட்டிப் போகும் இடம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வாகனங்களுக்குப் பெரிய கேட்டு. அதன் இடப்பக்கத்தில் நடக்கிறவர்களுக்குச் சின்னக் கேட்டு. தண்டவாளத்தைத் தாண்டிச் சில கஜ தூரத்திலேயே இடப்பக்கம் ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, இறங்கும் பாதை. நேராகப் போனால் ஒரு மதகு. அதற்கப்பால் கொழுந்து நிறுக்கும் மடுவம். அந்தி நிறுவைக்கு நீங்கள் நேராகப் போகவேண்டும். லொறிகள் இடப்பக்கம் திரும்பவேண்டும். ரெயில், நம் பேச்சில் கோச்சி, போனதும் இரண்டு கேட்டும் ஒன்றாகத் திறக்கும்.

நான் வருவதற்கு முன் நீங்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு கூட்டமாகப் போவீர்கள். லொறி ஆர்ன் அடித்தபடி பின்னால் ஊர்ந்து வரும். எனக்கு அது ஒழுங்கீனமாகப் பட்டது. இடப்பக்க ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகப் போகவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் தாய்மாருக்குச் சொன்னார்கள். கேட்டிலிருந்து மதகு வரைக்கும் சுண்ணாம்பால் கோடு போட்டேன். ஒரு மாதத்தில் அந்தி வரிசை கோடு பிசகாமல் போயிற்று. "டீச்சரம்மா வந்தப்புறம்தான் இந்தச் சனத்துக்கு ரோட்டுல நடக்கத் தெரிஞ்சிருக்கு" என்று தோட்டத்தில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை ஊரெல்லாம் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

உனக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "மந்தையாப் போனப்ப லொறி நமக்குப் பின்னால வந்துச்சு டீ. இப்ப நம்ம பக்கத்துலயே வருது. தோள்ல மூச்சு விடுற மாதிரி இருக்கு."

"பழகிடும்" என்றேன்.

அன்று மழை விட்டிருந்தது, பனிமூட்டம் விடவில்லை. பிள்ளைகளை அனுப்பிவிட்டு நான் கேட்டடியில், ரோட்டின் வலப்பக்கத்தில் நின்றேன், என் வரிசையைப் பார்ப்பதற்காக. ரெயில் போனது. கேட்டுகள் திறந்தன. நீ நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ போனாய். தலையில் கம்பளி, அதற்கு மேல் கூடைக் கயிறு, முதுகில் நிறைந்த கூடை. உனக்குப் பக்கத்திலேயே விறகு லொறியும் நகர்ந்தது. அந்த நாளில் லொறிக்கு மினுங்கும் விளக்கு ஏது? இடப்பக்கம் திரும்பப்போகிற டிரைவர் வலக்கையை வெளியே நீட்டி வட்டமாகச் சுழற்றுவார். அந்தக் கை வலப்பக்கம் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். இடப்பக்கம் நடக்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது.

நான் அந்தக் கையைப் பார்த்தேன்.

கை சுழன்றதையும் பார்த்தேன், நீ நேராகப் போவதையும் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க என் மூளைக்கு நேரம் பிடித்தது. வாயைத் திறந்தபோது லொறியின் பக்கவாட்டுக் கொக்கி உன் கூடையை மாட்டிவிட்டது. கயிறு உன் தலையைப் பின்னால் இழுத்தது. மாற்றவேண்டும் மாற்றவேண்டும் என்று நீ சொல்லிக்கொண்டிருந்த பழைய கயிறு. அது அறுந்ததால்தான் கழுத்துத் தப்பியது. நீ ரோட்டோரத் தண்ணீர்க் கானில் விழுந்தாய். இடது பாதம் மட்டும் ரோட்டில் இருந்தது. பின்சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கியது. கொழுந்தெல்லாம் என் சுண்ணாம்புக் கோட்டின் மேல் கொட்டிக் கிடந்தது.

அந்தக் கையை நான் பார்த்தேன் என்பதை உன்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து இடது காலை இழுத்துக்கொண்டு திரும்பிய பிறகுதான் விசாரணை நடந்தது. மடுவத்து வாசலில் கணக்கப்பிள்ளை, லொறி டிரைவர், சாட்சியாக ரெயில் கேட்டுக்காரர், சுற்றிலும் பெண்கள். கேட்டுக்காரர் சிங்களவர், நம் தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார். உன்னைத் தங்கை என்ற அர்த்தத்தில் நங்கி என்பார். நீ பதிலுக்கு அவரை, அண்ணன் என்று, அய்யே என்பாய்.

"ஆர்ன் அடிச்சேனுங்க. இது திரும்பியே பார்க்கலை" என்றார் டிரைவர். "மாடுகூட ஆர்ன் சத்தத்துக்குத் திரும்பும்."

"மாட்டுக்குக் கயிறு கழுத்துல அண்ணே. எங்களுக்குத் தலையில" என்றாய்.

பெண்கள் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை. "சிரிப்பு அப்பறம். திரும்பிப் பார்த்தியா, இல்லையா?"

"பார்க்கலைங்கய்யா. கூடை நிறைஞ்சிருந்தா திரும்பிப் பார்க்க முடியாது."

"முடியாதுன்னா? டீச்சரம்மா எவ்வளவு சொல்லிக் குடுத்திருக்காங்க. ஓரமாப் போகணும், கவனமாப் போகணும்னு. கேளு அவங்களை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள்மேல் பிழையில்லை, கோடு போட்டது நான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு நாக்கு எழவில்லை. நீ சற்று நேரம் காத்திருந்தாய். பிறகு பக்கத்தில் நின்றவளின் நிறைந்த கூடையை இறக்கச் சொன்னாய்.

"டீச்சர், இதைக் கொஞ்சம் போட்டுக்கிட்டு, வலப்பக்கம் திரும்பிப் பாருங்க."

நான் அந்தத் தோட்டத்தில் பிறந்தவள். அதுவரை கூடை போட்டதில்லை. இரண்டு பேர் தூக்கி என் முதுகில் வைத்தார்கள். கயிறு தலையை அழுத்தியது. பாரம் முழுவதும் உச்சியில் தொங்கியது. கழுத்தைத் திருப்பப் பார்த்தேன், கயிறு விடவில்லை. கண்ணைத்தான் திருப்ப முடிந்தது, அதுவும் காதருகு வரை. இன்னும் பார்க்கவேண்டுமென்றால் உடம்போடு திரும்பவேண்டும். திரும்பினேன். கூடை வீசிப் பக்கத்தில் நின்ற டிரைவரின் நெஞ்சில் இடித்தது. அவர் இரண்டடி பின்வாங்கினார்.

"ரோட்டுல, அண்ணன் நின்ன எடத்துல லொறி இருக்கும்" என்றாய் மெதுவாக.

கயிற்றுக்கு அடியில் என் தலை விண்விண்ணென்று துடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் என் வாய் திறந்தது. "ஓரமாப் போகச் சொன்னது நான். கோடு போட்டதும் நான். இவள் அதன்படிதான் நடந்தாள்."

கணக்கப்பிள்ளை தரையைப் பார்த்தார். நீ கேட்டுக்காரரைப் பார்த்தாய். "அய்யே, கோச்சி போனதும் சின்னக் கேட்டை முதல்ல தொறங்க. நாங்க மதகு தாண்டின பிறகு பெரிய கேட்டு. வேற ஒண்ணும் வேண்டாம்."

"பொத்தகத்துல அப்படி இல்ல நங்கி. கோச்சி போனா ரெண்டும் தொறக்கணும். லேட் ஆனா எனக்குத்தான் கடுதாசி வரும்."

"மூட்டத்துல நாங்க தாண்டிட்டோமான்னு தெரியாதுன்னு பயமா? நான்தான் கடைசியா வருவேன். இந்தக் காலோட வேற எங்க வர? மதகுக் கல்லுல மூணு தட்டுத் தட்டுறேன். கேட்டா தொறங்க."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நான் அழுதேன். நீ குடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாய். "நீ தப்பாச் சொன்னேன்னு நான் சொல்லலைடீ. கூடை போட்டுப் பார்க்காம சொன்ன. அவ்வளவுதான்."

மறுநாள் மூட்டம் கூடுதலாக இருந்தது. கேட்டில் இரண்டு லொறிகள். அவற்றுக்குப் பின்னால் தோட்டத்தை நடத்தும் துரையின் கார். நான் சின்னக் கேட்டருகே நின்றேன். ரெயில் போனது. கேட்டுக்காரர் சின்னக் கேட்டை மட்டும் திறந்தார். பெரிய கேட்டின் சங்கிலியில் கையை வைத்தபடி நின்றார்.

பெண்கள் போனார்கள். கடைசியாக நீ. வலது கால் வைத்து, இடது காலை இழுத்து. கொழுந்து மட்டம் பார்க்கும் குச்சி உன் கையில். முதல் லொறி ஆர்ன் அடித்தது. அதே டிரைவர்தான். தலையை வெளியே நீட்டி, "என்னா அய்யே, நித்திரையா?" என்று கத்தினார். பிறகு துரையின் கார் ஆர்ன் அடித்தது. அந்த ஆர்ன் எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்டால் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நிற்கிறவர்கள் நிமிர்ந்து நிற்பார்கள். கேட்டுக்காரரின் கை சங்கிலியில் இறுகியதைப் பார்த்தேன். இழுத்துவிடுவார் என்றே நினைத்தேன். இழுத்தால் முதல் லொறி திரும்பும் இடத்தில்தான் நீ இருப்பாய்.

நீ வேகமாக நடக்கவில்லை. நடக்க முடியாது என்பது ஒன்று. நடக்கக்கூடாது என்றும் நீ முடிவு செய்திருந்தாய், பிறகு என்னிடம் சொன்னாய். "இன்னைக்கு நான் ஓடினா, நாளைக்கும் ஓடச் சொல்லுவாங்க."

மூட்டம் உன்னை மூடியது. துரை மறுபடியும் ஆர்ன் அடித்தார். கேட்டுக்காரர் மூட்டத்தை நோக்கி, "ஹெமின், நங்கி, ஹெமின்" என்றார். மெதுவாக, மெதுவாக என்று. அவருக்கே அவர் சொல்லிக்கொண்டதைப் போல இருந்தது.

நான் உன் அடிகளை எண்ணத் தொடங்கியிருந்தேன். கண்ணுக்குத் தெரியவில்லை, கால் இழுபடும் ஓசை மட்டும் சரளைக்கல்லில் கேட்டது. இருபத்தேழாவது அடிக்குப் பிறகு அது நின்றது.

டொக். டொக். டொக்.

அவர் சங்கிலியை இழுத்தார். பெரிய கேட்டு உயர்ந்தது. துரையின் கார் கடந்தபோது கண்ணாடி இறங்கியது; துரை எங்களை ஒரு பார்வை பார்த்தார். கண்ணாடி ஏறியது. கடுதாசி வருமென்று பல வாரம் கேட்டுக்காரர் தபால்காரரைக் கண்டாலே உள்ளே போய்விடுவார். வரவில்லை. ஏன் என்று எங்களுக்குத் தெரியாமலே போயிற்று.

அதற்குப் பிறகு அந்தத் திருப்பத்தில் ஒரு கூடையும் மாட்டவில்லை. என் சுண்ணாம்புக் கோடு மழையில் கரைந்தது. நான் மறுபடி போடவில்லை. லொறி எங்கேயாவது ஒட்டி வந்து நின்றால், அதன் பலகையில் குச்சியால் தட்டி, "ஆள் இருக்கோம் அண்ணே" என்பாய். அந்த டிரைவர் பிற்பாடு கேட்டில் நிற்கும்போது எஞ்சினையே நிறுத்திவிடுவார். "அம்மா தட்டட்டும்" என்று பீடி பற்றவைப்பார். உன்னைவிடப் பத்து வயது மூத்தவர், உன்னை அம்மா என்று கேலி செய்வார். "பீடி முடியறதுக்குள்ள தாண்டிடுவேன், பாருங்க" என்பாய். ஒருநாளும் தாண்டியதில்லை.

நான் கொழும்புக்கு மாறி வந்த இரண்டாம் வருடம் மார்ச்சளிக் காய்ச்சலில் நீ போனாய். கடிதம் எனக்குத் தாமதமாக வந்தது. நான் வந்தபோது உன் குழியின் மண் காய்ந்திருந்தது. திரும்பும் வழியில் கேட்டுக்காரர் என்னை நிறுத்தினார். நீ இல்லாத முதல் மாலை சின்னக் கேட்டைத் திறந்தாராம். பெண்கள் போனார்களாம். தட்டல் வரவில்லை. லொறிகள் ஆர்ன் அடித்தும் அவருக்குச் சங்கிலியை இழுக்க முடியவில்லை. மடுவம் வரை போன பெண்களில் ஒருத்தி நினைவு வந்து ஓடிவந்து, கையால் கல்லைத் தட்டினாளாம். "நங்கி இல்லேன்னு தெரியும் டீச்சர். கை கேக்கல்ல" என்றார். அன்றிலிருந்து கடைசியாகப் போகிறவள் எவளோ அவள் தட்டுகிறாள்.

நாளை அந்த இன்ஜினியர் கடிகாரத்தோடு வருவார். பிள்ளைகள் கடக்கும் நேரத்தை அளக்கப் பார்ப்பார். பிள்ளைகள் ஓடிவிடுவார்கள், அந்த நேரம் நடக்கிற யாருக்கும் போதாது. ஆகவே நான் நடப்பதாக இருக்கிறேன். திருத்தவேண்டிய கொப்பிகளை ஒரு பையில் நிறைத்து, பட்டியைத் தலையில் மாட்டி முதுகில் போட்டுக்கொள்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வலது கால் வைத்து, இடது காலை இழுத்து, உன் அடியை நடப்பேன். இத்தனை வருடங்களாக ஒவ்வொரு ரோட்டையும் உள்ளுக்குள் அப்படித்தான் கடந்து வந்திருக்கிறேன்; எனக்கு அது பிசகாது. திருப்பத்தைத் தாண்டி அடுத்த ஓரம் ஏறியதும் விளக்குக் கம்பத்தில் குடையால் மூன்று தட்டுத் தட்டுவேன்.

அப்போது அவர் கடிகாரத்தை நிறுத்தட்டும்.