எஞ்சினுக்கு ட்ரிப்ஸ் ஏற்றிய அன்று

என் செல்ல அண்ணே,

அங்கே ரோடெல்லாம் எப்படி? மேடு பள்ளம் இல்லாமல் வழவழவென்று போட்டு வைத்திருந்தால் உனக்கு இந்நேரம் வெறுத்துப் போயிருக்கும். சேறு எந்தப் பக்கம் கிடைக்கும் என்று யாரையாவது பிடித்து விசாரித்திருப்பாய்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. சொந்தக்காரர்கள் எல்லாரும் உன்னைப் பற்றி நல்லதாகப் பேசுகிறார்கள். கேட்டால் நீயே நம்ப மாட்டாய். நான் அதையெல்லாம் எழுத வரவில்லை. போன மாதம் கோத்தா திங்கி காட்டுப் பாதையில் உன் ஜீப்புக்கும் அண்ணிக்கும் எனக்கும் நடந்த கதையைச் சொல்ல வந்தேன். இதை யாரிடம் சொன்னாலும் "ஓ, அப்படியா" என்று தலையாட்டுகிறார்கள். எந்த இடத்தில் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் என்று உனக்குத்தானே தெரியும்?

முதலில் ஒரு விஷயம். அண்ணி உன் ஜீப்பை விற்கப் போவதாகச் சொன்னார்.

தேக்கா சென்டர் மாடியில், தன் தையல் கடையில், ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே சொன்னார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "செல்வி, ஜீப்பைக் கொடுத்துடலாம்னு இருக்கேன். யூசுப் பாய் கேக்குறாரு." நான் வாங்கி வந்த வடையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். நீ போன பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மார்சிலிங் கார் பார்க்கில் இறங்கி, பேட்டரி செத்துவிடக்கூடாது என்று எஞ்சினைப் போட்டு உட்கார்ந்திருந்த அண்ணியா இது?

பாய் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நீங்கள் இருவரும் எத்தனை வருஷம் ஒன்றாகச் சேற்றில் புரண்டவர்கள். அவருடைய பயணப்பெட்டிக் கடையில் ஒரு சூட்கேஸ் வாங்கப் போனால்கூட, அது எத்தனை ஆற்றைத் தாண்டும் என்று விளக்குகிற மனுஷர். அண்ணி மேல்தான் கோபம். வடையைக் கடை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

ரெண்டு நாளில் அண்ணியே போன் போட்டார். "கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை காட்டுக்குள்ள ஓட்டிப் பாத்துடணும். பாய் அவர் வண்டியில வர்றாரு. நீ என்கூட வா."

"யார் ஓட்டுறது?"

"நான்தான் லா. பின்ன, உங்க அண்ணனையா கூப்பிட முடியும்?"

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலையில் உட்லண்ட்ஸ் பாலத்தில் எல்லையைத் தாண்டினோம். அண்ணி லைசன்ஸ் எடுத்த நாளிலிருந்து அந்த ஜீப்பை நீ அவரிடம் கார் பார்க்கைத் தாண்டிக் கொடுத்ததில்லை, ஞாபகம் இருக்கிறதா? "ஸ்டியரிங் கனம்மா, உன்னால முடியாது" என்பாய். கனம்தான். கோத்தா திங்கி தாண்டி, தார் ரோடு முடிந்து, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் செம்மண் பாதை தொடங்கியபோது அண்ணியின் கை நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றது. ஒவ்வொரு வளைவுக்கும் சீட்டிலிருந்து பாதி எழுந்து திருப்பினார். நான் கதவுக்கு மேலே இருக்கும் பிடியை விடவே இல்லை.

அருவி வரை நன்றாகவே போனோம். பாய் வீட்டிலிருந்து வந்த நெய்ச்சோற்றைத் தின்றோம். திரும்பும்போதுதான் வானம் மலைப் பக்கம் கறுத்தது. பாய் பார்த்த உடனே சட்டியை மூடினார். "ஓடை ஏறிடும். கிளம்புங்க, கிளம்புங்க."

வருகிற வழியில் ஒரு ஓடை இருக்கிறதே, நீ வேண்டுமென்றே தண்ணீரை வாரி என் மேல் அடிப்பாயே, அதேதான். பாய் முன்னால் போய் அதைத் தாண்டி, எதிர்க்கரை ஏற்றத்தையும் ஏறிவிட்டார். நாங்கள் பின்னால். தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன்னால் உன் ஜீப் ஒரு தடவை இருமியது. இன்னொரு தடவை இருமியது. அப்புறம் நின்றுவிட்டது.

அண்ணி சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடையில் இறங்கி நடந்தே திரும்பி வந்தார். பானெட்டைத் திறந்து, கார்புரேட்டருக்குப் போகிற குழாயைக் கழற்றி, "போடுங்க" என்றார். அண்ணி போட்டார். குழாயிலிருந்து ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

"பெட்ரோல் பம்ப் போச்சு," என்றார் பாய். "டாங்க்ல இருக்கு, எஞ்சினுக்கு வர மாட்டேங்குது."

கட்டி இழுக்க முடியுமா என்று கேட்டேன். அந்த வழுக்குகிற ஏற்றத்தில் அவர் வண்டி தனியாக ஏறியதே பெரிய காரியம், இன்னொன்றை இழுத்துக்கொண்டு ஏறாது என்றார். ஓடை உயர்ந்துவிட்டால் நாளைக்குத்தான் தாண்ட முடியும். போனில் சிக்னலும் இல்லை.

ஜீப்பின் பின்னால் நீ வைத்திருந்த சாமான் பெட்டியைத் திறந்தோம். அண்ணே, அதற்குள் என்னதான் இல்லை! ஃபேன் பெல்ட் மட்டும் ஒரு கத்தை. ப்ளக், பல்பு, கம்பி, டேப், நமுத்துப்போன பிஸ்கட், தொலைந்துவிட்டது என்று நீ சத்தியம் செய்த என் குடை. பம்ப் மட்டும் இல்லை. எல்லாத்தையும் எடுத்து வைத்துவிட்டு அதை மட்டும் எப்படி விட்டாய்?

மூன்று பேரும் அந்தத் திறந்த பானெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது, உனக்குத் தெரியும். ஆனால் வார்டில் நர்ஸாக இத்தனை வருஷம் நின்றவளுக்கு அந்த ஒல்லிக் குழாயைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்?

"பாய், பம்ப் என்ன செய்யுது? பெட்ரோலை இங்க கொண்டாந்து விடுது, அவ்வளவுதானே? மேலே தூக்கிக் கட்டி இறக்கினா தானா வராதா? ட்ரிப்ஸ் மாதிரி?"

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது பேஷண்ட் இல்லம்மா, எஞ்சின்."

"வாயால எடுக்கலைன்னா வேற வழியாத்தானே ஏத்தணும்?"

அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். அப்புறம் "யா அல்லா, இது வேலை செய்யும் போலிருக்கே" என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் செய்த வேலையை நீ பார்த்திருக்க வேண்டும். கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கிற குழாய் இருக்கிறதே, அதை முழுசாக உருவி எடுத்தோம். பாய் அதை டாங்கில் விட்டு வாயால் உறிஞ்சினார். ஒரு வாய் பெட்ரோல் உள்ளே போய், அவர் துப்பிய துப்பலில் மரத்திலிருந்த பறவைகளெல்லாம் பறந்தன. அண்ணி ஃபிளாஸ்க்கிலிருந்த தே ஓ, அந்தப் பாலில்லாத தேநீர் முழுவதையும் கொப்பளிக்கக் கொடுத்தார். "சீனி போட்டீங்களா?" என்று கேட்டார் பாய், அந்த நேரத்திலும்.

குடிதண்ணீர் வந்த பெரிய பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோலைப் பிடித்தோம். அண்ணி கைப்பையிலிருந்து தையல் கத்தரிக்கோலை எடுத்து, மூடியில் குழாய் இறுக்கமாக நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டார். பாட்டிலின் அடியில் காற்றுக்கு ஒரு சின்ன ஓட்டை. அந்தக் குழாய் மெலிசு, கார்புரேட்டர் குழாய் தடிப்பு. நடுவில் என் பேனாவின் உடலை வெட்டிச் செருகி, உன் பெட்டியிலிருந்த கிளிப்பைப் போட்டு முறுக்கினோம். பாட்டிலைத் தலைகீழாக ஜீப்பின் கூரைக் கம்பியில் கட்டினார் அண்ணி. அவர் போட்ட முடிச்சை நீ அவிழ்த்திருக்கவே முடியாது.

அண்ணி சாவியைத் திருப்பினார். ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினார். இருமியது. மூன்றாவது தடவை, அண்ணே, உன் ஜீப் உறுமியதே ஒரு உறுமல்! நான் கத்திவிட்டேன்.

முதல் துளி மழை அப்போதுதான் விழுந்தது. பாய் உன் சீட்டுக்கு அடியிலிருந்த தீயணைக்கும் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி, கூரை மேல் பாட்டிலைப் பிடித்துக்கொண்டேன். "ஏறுதா?" என்று அண்ணி கேட்க, "ஏறுது அண்ணி, ஏறுது!" என்று நான் கத்த, ஓடைக்குள் இறங்கினோம். தண்ணீர் கதவின் அடியைத் தொட்டது. தாண்டிவிட்டோம்.

ஏற்றத்தில் பாதி வழியில் எஞ்சின் மறுபடி திணறியது. பாதிக்கு மேல் காலியான பாட்டிலில் வேகம் குறைந்துவிட்டது. ஆபத்து நேரத்தில் ரத்தப் பையை அழுத்தி ஏற்றுவோமே, அந்த நினைப்பில் காற்று ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்து, பாட்டிலை ஒரு பிதுக்குப் பிதுக்கினேன். ஜீப் ஒரு எகிறு எகிறி மேலே போய் நின்றது.

அண்ணி ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துத் தொட்டேன். சிரிக்கிறார், அண்ணே. கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். நீ போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது. பெட்ரோல் நாற்றத்தில், மழையில் நனைந்துகொண்டு, ரெண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

தோட்டத்துக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கூரையிலிருந்து தொங்கும் பாட்டிலையும் குழாயையும் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டார். "யாருக்கும்மா உடம்பு சரியில்ல?"

"வண்டிக்குத்தான்," என்றார் அண்ணி. "இப்ப தேவலை."

இனி இந்த வண்டி வேண்டாம் என்று பாய் சொல்லிவிடுவார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை. மெதுவாகக் கேட்டேன். "பாய், இப்படி நின்னு போற வண்டியையா வாங்கப் போறீங்க?"

"இப்பத்தான் ரொம்ப வேணும்," என்றார். போச்சு!

கோத்தா திங்கியில் பாய்க்குத் தெரிந்த மெக்கானிக் பம்ப் மாற்றிக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கடையில் அண்ணியும் நானும் தே தாரிக் குடித்தோம். அப்போதுதான் கேட்டேன். "எப்படி அண்ணி மனசு வருது, இதைக் கொடுக்க?"

அண்ணி கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை ரெண்டும் சிவந்து கொப்புளம் கட்டியிருந்தது.

"இத பாரு. இது உங்க அண்ணன் கைக்குன்னு அமைஞ்ச வண்டி. இத்தனை வருஷம் நான் பக்கத்து சீட்டு. ரோட்டைப் பாக்குறதவிட அவர் மூஞ்சியத்தான் அதிகம் பாத்தேன். எனக்கு அது பிடிச்சும் இருந்துச்சு. ஆனா ஞாயித்துக்கிழமையில போய் எஞ்சினைப் போட்டு உக்காந்திருப்பேனே, அப்ப ஒரு நாள் தோணுச்சு. வண்டிய உயிரோட வெச்சிருக்கேன், நான் எங்கயும் போகலையே?" கோப்பையை வைத்தார். "விக்கிறது அவரை மறக்க இல்ல செல்வி. எனக்குக் காட்டுக்குப் போகணும். நானே ஓட்டிட்டுப் போகணும். பவர் ஸ்டியரிங் உள்ளதா ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். மஞ்சக் கலர்."

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? "மஞ்சளா? சேறு பட்டா தெரியுமே!" என்றுதான் கத்தியிருப்பாய், இல்லையா?

உன் ஜீப் இப்போது யூசுப் பாயிடம் இருக்கிறது. நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். போன வாரம் அதில் பேரப்பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்று போனாராம். உன் பெட்டியை மட்டும் அண்ணி கொடுக்கவில்லை. அது மஞ்சள் ஜீப்பின் பின்னால் ஏறிவிட்டது. தேக்காவில் பக்கத்துக் கடைப் பெண்கள் ரெண்டு பேர் "எங்களையும் கூட்டிட்டுப் போங்கக்கா" என்று கேட்டிருக்கிறார்கள். அண்ணி சம்மதித்துவிட்டார், செருப்பு போட்டுக்கொண்டு வரக்கூடாது என்ற கட்டளையோடு. கட்டளை போடும்போது அப்படியே உன் குரல்.

நீ இல்லாத உன் வீட்டுக்குப் போனால் சில சாயங்காலம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. மறைக்க மாட்டேன். ஆனால் இப்போதே வெள்ளிக்கிழமை வந்தால் அண்ணி வானிலை பார்க்கிறார். முதல் பயணத்துக்கு நான் டூட்டி மாற்றி வைத்துவிட்டேன். அப்போதெல்லாம் நீ எங்கேயோ முன்னால் போய் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பது போலவே இருக்கிறது.

அந்த மஞ்சள் ஜீப் இன்னும் புதுசு மாதிரிப் பளபளக்கிறது அண்ணே. அடுத்த மாதம் முதல் முறையாகக் காட்டுக்குள் இறங்குகிறது. அதில் விழும் முதல் கீறல் எந்த மரத்தால், யார் ஓட்டும்போது என்று உனக்குத்தான் முதலில் சொல்வேன். அண்ணி "செல்விதான் ஓட்டினா" என்பார். நம்பாதே.

உன் கூடப்பிறந்த வாயாடி,
செல்வி
மார்சிலிங்