ஒளி விழாப் பெயர்ப்பட்டியல்

நவம்பர் 29, புதன்

விடிந்ததிலிருந்து மழை. நான்காம் வகுப்புக் கூரையில் மூன்று இடத்தில் ஒழுக்கு, வாளி இரண்டு. மூன்றாவதுக்கு என் சாப்பாட்டுப் பெட்டி.

அதிபர் கூப்பிட்டு, பள்ளிக்கூடத்து நத்தார் விழாவான ஒளி விழாவை என் தலையில் கட்டிவிட்டார். அடுத்த புதன், 6ஆம் திகதி, மு.ப. "இந்த முறை எல்லாப் பிள்ளையளும் மேடையில நிக்க வேணும் ரீச்சர். போன வருசம் மாதிரிக் கதை வரக்கூடாது."

போன வருசக் கதை: கிறிஸ்தவப் பிள்ளைகள் ஒன்பது பேர் பாடினார்கள், மிச்சம் எல்லாரும் வெயிலில் இருந்து கை தட்டினார்கள். பெற்றோர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மனுசன் சொல்வது சரிதான். ஆனால் செய்வது யார்? நான்தானே.

நோன்பு நேற்றுத் தொடங்கிவிட்டது. விழாவில் கேக் வெட்டி முஸ்லிம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருக்கவிட ஏலாது. ரஹீமா டீச்சரைக் கேட்டேன் (கிண்ணியாவிலிருந்து நாளாந்தம் பாதையில், அந்த மிதவைப் படகில், வந்து போகிறவர், மூன்றாம் வகுப்பு). "பொதியாக் கட்டிக் குடுங்க டீச்சர். நோன்பு திறக்கிற நேரம் எங்கட புள்ளைகள் சாப்பிடும்." நல்ல யோசனை. எல்லாருக்குமே பொதி, வீட்டுக்கு. இங்கே யாரும் யார் முன்னாலும் வாய் அசைக்கத் தேவையில்லை.

இன்னும்: முட்டையில்லாத பலகாரம் (சைவப் பிள்ளைகளுக்கு). கோலாட்டத் தடி. வைக்கோல். என் மூக்குக்கண்ணாடிக் கால்.

நவம்பர் 30, வியாழன்

மழை. தடிமன், மூக்கும் ஒழுகுகிறது.

விழா யாருக்காக? பெற்றோருக்காக. அவர்கள் வராவிட்டால் என்ன விழா? நிலாவெளி பஸ் 9.30க்குத்தான் வரும். கிண்ணியாத் தாய்மார் பகல் பாதைக்கே திரும்ப வேண்டும், வீட்டில் நோன்புக் கஞ்சி காத்திருக்கும். ஆகவே ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே கேட்டேன்: என்ன சாப்பாடு, யார் வருவார், எங்கிருந்து, எதில்.

நாலாம் வகுப்புத் தர்சினி: சைவம். அப்பா வருவார். லாஞ்சிப் படகில்.

இந்தப் பிள்ளை பாலையூற்றில் பெரியம்மா வீட்டில் நின்று படிக்கிறது. தாய் தகப்பன் மூதூருக்கும் அங்கால், சோதனைச் சாவடி தாண்டின பக்கம். ஆமியின் பாஸ் இல்லாமல் வர ஏலாது. மே மாதத்துக்குப் பிறகு பிள்ளை தகப்பனைப் பார்க்கவில்லையாம். பாலன் பிறப்பு நாடகத்தில் விடுதிக்காரி வேசம். பின்னேரம் பெரியம்மா வந்து காதுக்குள் சொன்னார்: "பள்ளிக்கூட விழாவுக்கெண்டு கேட்டால் பாஸ் குடுக்கமாட்டாங்கள் ரீச்சர். கண் கிளினிக் எண்டு எழுதி எடுத்திருக்கிறார். லாஞ்சி வந்து சேர ஒன்பதரை ஆகும். அவள்ர நாடகத்தைக் கொஞ்சம் பிந்திப் போடுவியளோ?"

போடுகிறேன் என்றேன். அந்த மனுசி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. எனக்கும் வந்தது, தடிமன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

டிசம்பர் 1, வெள்ளி

மழை இல்லை, இருட்டு.

சிறகு வைத்த சம்மனசு வேசத்துக்கு ஏழு பேர் அடிபாடு. ஒரு வாப்பா வந்து, "மகன் இடையனா நிக்கட்டும், செறகு மட்டும் வாணாம்" என்றார். சரி, இடையன். கோலாட்டத்துக்கு நிலாவெளிப் பிள்ளைகள். இஸ்லாமிய கீதம் ரஹீமா டீச்சர் பழக்குகிறார், நோன்போடு, தொண்டை வறள. பாவம்.

பட்டியலைத் தட்டச்சு அடித்து முடித்தேன். மூன்று பிரதி, கார்பன் தாள் வைத்து. பெயர், வகுப்பு, சாப்பாடு, வருபவர், எங்கிருந்து, எதில் வருகிறார், குறிப்பு. 112 பிள்ளைகள். ஒரு பிள்ளை விடுபடவில்லை. எனக்கே என் மேல் கொஞ்சம் புழுகம். அதிபரும் பார்த்துவிட்டு, "அடேயப்பா, அரசாங்கக் கச்சேரியிலகூட இப்பிடி இல்லை" என்றார்.

ஒலிபெருக்கிக்கும் ஆட்கள் கூடுவதற்கும் ஆமி முகாமில் அனுமதி எடுக்க வேண்டுமாம். வெளியாட்கள் வருவதென்றால் பெயர் விபரம் கேட்கிறார்களாம். திரும்ப அடிக்க எனக்கு ஏலாது, றிபனும் தேய்ந்துவிட்டது. "இதில ஒரு பிரதியை வையுங்கோ சேர்" என்றேன். வைத்தார். ஒரு வேலை மிச்சம்.

டிசம்பர் 4, திங்கள்

சனி ஞாயிறு முழுக்கக் கொட்டினது. கடல் கொந்தளிப்பு, லாஞ்சி ஓடவில்லை என்று கதை. தர்சினி ஒவ்வொரு பாடத்துக்கும் வந்து கேட்கிறாள், "புதன்கிழமை ஓடுமோ ரீச்சர்?" ஓடும் போ என்று அதட்டினேன். பிறகு கோணேசர் கோயில் இருக்கிற திசையைப் பார்த்து, மழையை நிற்பாட்டிவிடு ஐயா என்று கேட்டேன். ஒன்றும் கேட்காத எனக்கு இதையாவது தரட்டும்.

அனுமதி வந்துவிட்டது.

டிசம்பர் 5, செவ்வாய்

தலை வெடிக்கிறது. ஒழுங்காக எழுத முடியவில்லை.

பொதி கட்டும்போது ரஹீமா டீச்சர் என் பிரதியைப் பார்த்துப் பெயர் வாசித்துக்கொண்டு வந்தார். தர்சினியில் நின்றுவிட்டார். "இந்த வாப்பா என்ன சொல்லிப் பாஸ் எடுத்திருக்கார் டீச்சர்?"

கண் கிளினிக் என்றேன்.

"அப்ப இதில ஒளி விழாவுக்கு வாறார் எண்டு எழுதியிருக்கீங்களே. இதுதானே முகாமுக்குப் போனது?"

வாசித்தேன். நான் அடித்த எழுத்து. தகப்பன் பெயர். ஊர். காலை லாஞ்சி. குறிப்பு: தந்தை வந்து சேரும்வரை நாடகத்தைத் தொடங்க வேண்டாம்.

கதிரையில் இருந்துவிட்டேன். எருமை. படித்த எருமை.

அதிபரிடம் ஓடினேன். அவர் முகம் வெளிறிப்போனது. "குடுத்த தாளைத் திருப்பிக் கேட்டா அவங்களே துருவிப் பாப்பாங்கள் ரீச்சர். நூறு பேரில ஒரு பேர், ஆர் வாசிக்கப்போறான்? விடுங்கோ." அந்தப் பக்கம் ரெலிபோன் கிடையாது. பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "இண்டைக்குக் கடைசி லாஞ்சியும் போயிட்டுது. இனி ஆரிட்டச் சொல்லி அனுப்புறது ரீச்சர்?" என்று மட்டும் கேட்டார். விடியவே ஜெட்டியில் போய் நிற்பாராம்.

இப்போது மழை வேண்டும். புயல் வந்தாலும் சரி. நாளைக்கு லாஞ்சி ஓடக்கூடாது. நேற்றுக் கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள் ஐயா.

டிசம்பர் 6, புதன்

பளீரென்ற வெயில். கடல் தகடு.

8.30க்கே சனம். கிண்ணியாத் தாய்மார் முன்வரிசையில், 9.30 பஸ்ஸில் வந்த நிலாவெளி ஆட்கள் பக்கத்தில். அதிபர் என்னைக் கூட்டிக்கொண்டு காட்டினார், "பாருங்கோ ரீச்சர், ஒருத்தரும் குறையில்லை."

9.50க்குப் பெரியம்மா வந்தார். தனியாக. குசினிப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னார்: "இறங்கின உடனேயே ஆமிக்காரர் பேரைக் கேட்டவங்கள். கையில உங்கட தாள். பாஸில ஆசுப்பத்திரி, இதில பள்ளிக்கூடம், எது பொய் எண்டு கேட்டவங்கள். அவர் ரெண்டும் உண்மை எண்டு சொன்னவர். ஜீப்பில ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள்."

எங்கே என்று கேட்டேன். தெரியாது என்றார். அதிபர் விழா முடிந்ததும் முகாமுக்குப் போய்க் கதைக்கிறேன் என்றார்.

தர்சினி திரைக்குப் பின்னால் நிற்கிறாள். இடுப்பில் பெரியம்மாவின் சீலை, கையில் விடுதி அறைகளின் திறப்புக்கோர்வை. "ரீச்சர், அப்பா வந்திட்டாரோ?"

என்ன சொல்ல? வசனம் மறந்துவிடும், அழும், நாடகம் நின்றுபோகும். இல்லை, அதெல்லாம் சாட்டு. எனக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை. அவ்வளவுதான்.

"ஓம் பிள்ளை. ஆகப் பின்னுக்கு நிக்கிறார்."

"இஞ்சயிருந்து தெரியேல்லையே. அப்ப நான் கத்திச் சொல்லவோ?"

"ஓம். கத்திச் சொல்லு."

கத்தினாள். "இடமில்லை! எல்லா அறையும் நிரம்பிப்போச்சு! வேற இடம் பாருங்கோ!" கழுத்து நரம்பு புடைக்க, சூசையையும் மரியாளையும் பாராமல், பின்சுவரைப் பார்த்து. சபை விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைய கைதட்டல் முழுக்க அவளுக்குத்தான்.

வணக்கம் சொல்லக்கூட நிற்கவில்லை. மேடையால் குதித்து, சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கதிரைகளுக்கு நடுவால் பின்னுக்கு ஓடினாள்.