கொம்பு பெயின்ட் அடித்த கார்டு

ஐப்பசி 12, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்தில் அடங்கல் சான்று எடுக்க ஒரே கூட்டம், பயிர் இன்ஷூரன்ஸ் கட்ட இதுதான் கடைசி வாரம். பிரின்டர் இரண்டு முறை மக்கர். பைக்கில் வீடு வந்து சேர்வதற்குள் முழங்கால் வரை சேறு.

வீட்டில் சேதி. ஞாயிறு என்னைப் பெண் பார்க்க வருகிறார்களாம். மாப்பிள்ளை வேதாரண்யம் பக்கம், உப்பளத்தில் சூப்பர்வைசர், மனைவி இறந்து மூன்று வருடம். நான் கல்யாணத்தைத் தீர்த்துக்கொண்டு வந்தவள், அவருக்கும் இது இரண்டாவது, ஆகப் பொருத்தமாம். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. வண்டி உண்டா?

"அதான் நம்மகிட்டயே இருக்கே" என்றாராம் அப்பா.

முதல் கல்யாணத்துக்குச் சீராகப் போய், கட்டில் பீரோவோடு திரும்பி வந்த அதே வண்டி. எட்டு மாதமாக நான் ஓட்டுவது. அதைக் கொடுத்துவிட்டு நான் வேலைக்கு எதில் போவது என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்கு அப்புறம் இங்க என்னடி வேலை ஒனக்கு?" அம்மா.

சாப்பிடவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

ஐப்பசி 13, வெள்ளி

அப்பா வெல்டிங் கடையிலிருந்து இன்ஜின் கார்டு கொண்டுவந்தார். இன்ஜினுக்கு முன்னால் மாட்டும் தடுப்பு, பெயின்ட் அடிக்காத வெறும் பைப். எதற்கு? இன்ஜினின் இடது மூடியில் இருக்கும் பழைய நசுங்கலை மறைக்க.

"கார்டு மாட்டிட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

எனக்குத் தெரியும். முதல் புருஷன் குடித்துவிட்டு ஓட்டி வாய்க்கால் மதகில் இடித்தபோது நான் பின்னால். இடது காலில் பதினோரு தையல். எழுந்தவன் முதலில் வண்டியைத் தூக்கினான். ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்த்தான். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினான். பாவி.

மெக்கானிக் இந்த மழையில் வர மாட்டாராம். அப்பாவுக்குத் தோள்பட்டை வலி. ஆக, மாட்ட வேண்டியது நான். என்ன கூத்து இது!

வாங்க: யு கிளாம்ப் 1, போல்ட் நட் 2, உப்புத்தாள், கறுப்பு பெயின்ட், தின்னர், அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம்.

ஐப்பசி 14, சனி

லீவு போட்டேன். மேல் கிளாம்ப் சுலபம். கீழே வலது போல்டும் சரி. இடது பக்கம் ஓட்டை சேரவில்லை, ஒரு நூல் தள்ளி நிற்கிறது. விழுந்த வண்டி நேராகவா இருக்கும்? வட்ட அரத்தால் அரை மணி நேரம் ராவினேன். பதினாலாம் நம்பர் ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டியெல்லாம் தோல் போயிற்று. கடைசியில் போல்ட் ஏறியது. வெட்கம் கெட்டவள், ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது.

கறுப்பு பெயின்ட் வாங்கவில்லை. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு அடித்த நீலம் மிச்சம் இருக்கிறதாம், அது போதுமாம். டப்பாவில் ஆடை கட்டிக் கிடந்தது. கிழித்துப் போட்டுக் குச்சியால் கலக்கினேன்.

"ப்ரைமர் அடிச்சு ரெண்டு நாள் காயவிடணும்னு கடையில சொன்னாங்களேப்பா?"

"மாட்டுக் கொம்புல காயலையா?"

அது தை மாத வெயில். இது ஐப்பசி. வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டுப் பெயின்ட்டை அடித்தேன். காயாமல் போகட்டும் என்று நினைத்தேனா? நினைத்திருப்பேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "காலைல வண்டியத் தொடச்சு வெச்சுட்டு நீயும் தலைக்குக் குளிச்சுரு." ஒரே மூச்சில்.

ஐப்பசி 15, ஞாயிறு

தூறல். நாலு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை தலை நிமிரவே இல்லை. அவருடைய பெரியப்பா வீட்டுக்குள் நுழையாமல் நேராக வண்டியிடம் போனார். குனிந்தார், கார்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நிமிர்ந்தபோது வெள்ளை வேட்டியில் முழங்கால் உயரத்துக்கு நீலப் பட்டை.

"என்னங்க இது? வண்டி புதுசுன்னீங்க?"

"புதுசு மாதிரிதாங்க..." அப்பா.

காபித் தட்டோடு நான் நின்றேன். "விழுந்த வண்டிங்க. நசுங்கினது தெரியாம இருக்கத்தான் கார்டு. நானும் அதுலேருந்துதான் விழுந்தேன். காலக் காட்டட்டுமா?"

அப்போதுதான் மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். அம்மா மண்ணெண்ணெய் தேடி ஓடினாள். பெரியப்பா தேய்க்கத் தேய்க்க வேட்டி முழுக்க நீலம். கேசரியைத் தொடாமலே கிளம்பினார்கள்.

கேசரியை நானே தின்றேன். பயம், நிம்மதி, இரண்டும்தான். நெய் கூடுதல்.

ஐப்பசி 17, செவ்வாய்

வெயில்! காலையிலேயே பெரியப்பாவின் போன். அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"பொண்ணு புடிச்சிருக்குங்க. வாய்தான் கொஞ்சம் நீளம், பரவால்ல. வண்டிய மட்டும் புதுசா எடுத்துக் குடுத்துருங்க."

என் காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"கேட்டுட்டுச் சொல்றேங்க" என்று வைத்தார் அப்பா. சரி, என்னைத்தான் கேட்கப் போகிறார் என்று நின்றேன். சட்டையை மாட்டிக்கொண்டார்.

"ஷோரூம்ல கேட்டுட்டு வந்துடறேன். பழசக் குடுத்தா எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்குவான். சாவி எங்கம்மா?"

கொல்லைப்பக்கமாகப் போய்க் கார்டைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டவில்லை. காய்ந்துவிட்டது.

வண்டியிலேயே வேலைக்கு வந்துவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் இதை எழுதுகிறேன். சாவி என் பையில். அப்பா ஆறாவது முறை கூப்பிடுகிறார்.

எடுக்கவில்லை.