வேறு யார் செய்திருக்கிறார்கள்?

மார்ச் 3
சாப்பாட்டு மேசையில் அண்ணன் மறுபடி ஆரம்பித்தான். பெரிய கம்பெனியில், கணினியை ஓட்டுகிற இயங்குதளம் எழுதுகிறவன் அவன். நான் வேலை நேரம் போக, சம்பளமில்லாமல், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மூல இயங்குதளம் ஒன்றுக்கு எழுதுகிறவள். "நாங்க கண்டுபிடிப்போம், நீங்க பார்த்து எழுதுவீங்க. சொந்தமா ஒண்ணே ஒண்ணு காட்டேன்!" என்றான். "அவளைச் சாப்பிட விடுங்க" என்றாள் அண்ணி. சோறு எங்கே இறங்குகிறது? காட்டறேன், இரு.

மார்ச் 9
முடித்துவிட்டேன்!

கணினியில் நினைவகம் நிரம்பினால் இயங்குதளம் ஏதாவது ஒரு நிரலைப் பாதியில் மூடிக் கொன்றுவிடும். பாதி நேரம் நாம் வேலை செய்துகொண்டிருக்கிற நிரலையே. என் முறை முதலில் எல்லா நிரல்களையும் கேட்கும்: யாரால் கொஞ்சம் இடம் விட முடியும்? நெரிசலான பேருந்தில் "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று கேட்பதுபோல. விட்டுக்கொடுத்தது பிழைக்கும், அடம்பிடித்தது முதலில் போகும். இப்படி எந்த இயங்குதளமும் செய்து நான் பார்த்ததில்லை. எங்கள் இயங்குதளத்தை எழுதுகிற குழுவுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். யார் வேண்டுமானாலும் படித்துக் குறை சொல்லலாம், அதுதான் எங்கள் வழக்கம்.

மார்ச் 14
நினைவகப் பகுதிக்குப் பொறுப்பாளர் பதில் போட்டிருக்கிறார். அவர் சம்மதிக்காமல் எதுவும் உள்ளே போகாது. அதனால் எங்களுக்கெல்லாம் அவர் வாசல்காரர். ஒரே வரி: "வேறு யார் இதைச் செய்திருக்கிறார்கள்? யாரும் இல்லையென்றால் நமக்கு மட்டும் எதற்கு?"

வெளியே இருக்கிற அண்ணன் நாங்கள் காப்பியடிக்கிறோம் என்கிறான். உள்ளே இருக்கிறவரோ காப்பியடித்துக்கொண்டு வா என்கிறார்! அப்ப அண்ணன் சொன்னதுதான் சரியா? இல்ல. ஒத்துக்கவே மாட்டேன்.

மார்ச் 15
வாசலை அடைத்தால் அடைக்கட்டுமே. இயங்குதளத்தின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்துதானே கிடக்கிறது? முழுதையும் எடுத்து, என் மாற்றத்தைச் சேர்த்து, தனியாக வெளியிட்டுவிட்டேன். போட்டுப் பாருங்கள், திட்டுவதென்றாலும் திட்டுங்கள் என்று எழுதினேன்.

மார்ச் 28
திட்டு வந்துவிட்டது. ஒரு நூலகத்தில் பழைய கணினிகளைப் பார்த்துக்கொள்கிற பெண், முன்பின் தெரியாதவள். "ஒரு நிரல் இடம் விட்டுட்டேன்னு சொல்லிட்டு ஒண்ணுமே விடலைங்க. நீங்க அதை அப்படியே நம்பிட்டீங்க" என்று எழுதியிருந்தாள்.

சோதித்தேன். உண்மைதான். சொன்ன வாய்ச்சொல்லை நம்பும்படி எழுதி வைத்திருக்கிறேன், அசடு!

ஏப்ரல் 6
இப்போது நம்புவதில்லை. எவ்வளவு இடம் உண்மையில் காலியானது என்று அளக்கிறது. பொய் சொன்ன நிரல்தான் முதலில் வெளியே. "இன்னிக்கு ஒரு கம்ப்யூட்டர்கூடப் படுக்கலைங்க" என்று நூலகத்துப் பெண் எழுதினாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

ஏப்ரல் 20
வாசல்காரர் இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை. இருக்கட்டும். நான் வெளியிட்டதை எடுத்துத் தங்கள் கணினியில் போடுகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள்.

மே 19
வாசல்காரர், எல்லோரும் பார்க்கும்படி: "கொஞ்ச நாளாக என் சொந்தக் கணினியில் இதுதான் ஓடுகிறது. நான் கேட்டது தப்பான கேள்வி. சேர்த்துக்கொள்கிறேன். முன்மாதிரி, அதாவது இதற்கு முன் செய்தவர்கள், என்ற இடத்தில் என்ன எழுதட்டும்?"

"இல்லை என்று எழுதுங்கள்" என்றேன். எழுதினார். என் பெயருக்குக் கீழே நூலகத்துப் பெண்ணின் பெயரையும் போடச் சொன்னேன்.

ஆகஸ்ட் 2
அண்ணன் போன் செய்தான். அண்ணியைப் பற்றி, மழையைப் பற்றி என்று சுற்றி வளைத்தான். பிறகு குரலை இறக்கி, "உன்னோட அந்த நினைவக விஷயம்... எங்க டீம்ல எல்லாரும் படிச்சிட்டிருக்கோம். எங்களுக்கும் அது மாதிரி வேணும்னு மேல சொல்லிட்டாங்க. பொய் சொல்ற நிரலைப் பிடிக்கிறியே, அந்த இடம் மட்டும் புரியல" என்றான்.

"எந்த வரி?" என்றேன்.

அவன் கேட்கக் கேட்க, கொஞ்சமும் அவசரப்படாமல் சொல்லிக்கொடுத்தேன்.