டொக்டர் என்னிடம் கேட்ட கேள்வி

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் குசினி யன்னலில் குளிர் புகாமல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைக் கிழித்து எடுத்தேன். கார்த்திகையில் ஒட்டியது. தேநீருக்குத் தண்ணீர்கூட வைக்கவில்லை. யன்னலைத் தூக்கியதும் பனி உருகிய மண்ணின் வாடை உள்ளே வந்தது. பழைய இலையும் நாய்ப்பீயும் ஈரப்புல்லும் கலந்த, இந்த நகரத்தின் சித்திரை மாத வாடை. எனக்கு அது பிடிப்பதில்லை. உனக்குப் பிடிக்கும். பங்குனி பாதியிலேயே கீழ்வீட்டிலிருந்து இரும்புப் படிகளில் தடதடவென்று ஏறி வந்து, என்னைக் கேளாமலே என் வீட்டுப் பிளாஸ்டிக்கைக் கிழிப்பாய். "கிரவுண்ட் மூச்சு விடத் தொடங்கீட்டுது, மிஸஸ். மணந்து பாருங்கோ" என்பாய். அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்கு நாங்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு சமைப்போம்.

நீ பேசியது இங்கிலீஷ். அதுவும் முதல் ஆறு மாதம் எனக்குப் பாதி விளங்காத ஐரிஷ் இங்கிலீஷ். ஆனால் இப்போது நினைக்கும்போது உன் குரல் எங்கள் ஊர்த் தமிழில்தான் கேட்கிறது. இந்த மடலை உன்னால் வாசிக்க முடியாது. அது எனக்கு வசதியாக இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வில்லரேப் பகுதிக்கு, இந்தக் கீழ்வீட்டுக்கு, நீ குடிவந்தபோது உனக்கு முப்பத்தொரு வயது. ஆசுப்பத்திரிச் சமையலறையில் சாப்பாட்டு வண்டி தள்ளினாய். நீதான் உன் நாட்டுப் பெண்கள் உதைபந்தாட்ட அணியின் முன்வரிசையில் பன்னிரண்டு வருடமாக நிற்பவள் என்பது எனக்கு ஒரு வருடம் கழித்தே தெரிந்தது. அதுவும் சலவை இயந்திரத்துக்குள் கிடந்த பச்சைச் சட்டையால். ஆண்களின் அணி போட்டுக் கழித்த சட்டை அது. கை உனக்கு முழங்கைக்குக் கீழே தொங்கியது. "இதுக்குள்ளை ஓடேக்கை முதலிலை சட்டை போகும், பின்னாலை நான் போவன்" என்று சொல்லிச் சிரித்தாய்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாய். ஒழுங்கையில் அண்ணன்மாரோடு விளையாடியது. பதினைந்து வயதில் பிஸ்கட் தொழிற்சாலைப் பெண்களின் அணி. பத்தொன்பதில் நாட்டுக்காக முதல் ஆட்டம். அந்த ஆட்டத்துக்கு லீவு கேட்டதற்காகத் தொழிற்சாலை உன்னை நிறுத்தியது. நீ கோல் அடித்த மறுநாள் பேப்பரில் குதிரைப் பந்தயத்துக்குக் கீழே இரண்டு வரி வந்தது. உன் அம்மா அதை வெட்டி ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தார். இங்கே வந்த பிறகும் வருடத்துக்கு ஒரு தரம் ரெலிபோன் வரும். நீ வேலையில் கெஞ்சி லீவு எடுத்துப் போய் ஆடிவிட்டு, வீங்கிய முழங்காலோடு திரும்பி வந்து மறுநாளே வண்டி தள்ளுவாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் உங்கள் அணி ஆடுவதைப் பார்க்க, மடக்குக் கதிரையோடு நானும் வருவேன். எனக்கு விளையாட்டு விளங்காது. உன்னை மட்டும் பார்ப்பேன். நெடுநேரம் ஒன்றும் செய்யாமல், பஸ்ஸுக்கு நிற்கிறவள் போல நிற்பாய். பிறகு ஒரே ஒரு எட்டு. பந்து வலைக்குள் கிடக்கும். சில நாள் வெறும் வலையைத் தவறவிட்டு வானத்துக்கு அடிப்பாய். முகத்தில் ஒரு கவலையும் இருக்காது. கேட்டதற்கு, "தவறவிட்டதை அந்த நிமிஷமே மறக்கத் தெரியாட்டி முன்னுக்கு நிக்கேலாது, மிஸஸ்" என்றாய்.

முக்கில் 'தெப்பனர்' என்கிற சின்னச் சாமான்கடை வைத்திருந்தவர் உன்னை 'இங்கிலீஷ்காரி' என்று கூப்பிட்டபோது, "இன்னொருக்கா அப்பிடிச் சொன்னா பால் வேறை கடையிலைதான் வாங்குவன்" என்று உன் உடைந்த பிரெஞ்சில் சொன்னாய். அடுத்த நாளிலிருந்து அவர் உனக்குத் தொப்பி கழற்றி வணக்கம் சொன்னார். என் ரசத்தை முதல் தரம் குடித்துவிட்டு, "இது சூப்பில்லை, தண்டனை" என்றாய். பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் அந்தத் தண்டனையைக் கேட்டு வாங்கிக் குடித்தாய்.

போன வருடம் புரட்டாதியில் ஒரு ஞாயிறு, உயரே வந்த பந்துக்கு எழும்பினாய். எதிரணிப் பிள்ளையும் எழும்பினாள். இரண்டு தலையும் மோதிய சத்தம் என் கதிரைவரை கேட்டது. நீ எழுந்து நின்று, நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஆடி முடித்தாய். நாலாம் நாள் பின்னேரம், வேலையால் வந்த உடுப்போடு மேலே ஏறி வந்தாய். கடைசிப் படியில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தாய். சொல் வரவில்லை. இடது கை துடிக்கத் தொடங்கியது. பிறகு உடம்பு முழுவதும். நான் எட்டிப் பிடித்து இழுத்திராவிட்டால் படிகளில் உருண்டிருப்பாய். பல்கனிப் பலகையில், என் மடியில், உன் தலை. வாயோரம் நுரை.

கண் திறந்ததும், "எவ்வளவு நேரம்?" என்று கேட்டாய்.

"ஒரு நிமிஷம் இருக்கும். எழும்பு, ஆசுப்பத்திரிக்குப் போவம்."

"நாள் முழுக்க அங்கைதான் நிண்டிட்டு வாறன். காணும்."

"பகிடி விடாதை. டொக்டரிட்டைச் சொல்ல வேணும்."

"சொன்னா மறிச்சுப்போடுவினம். ஊரிலை நாட்டுக்கு ஆடுறதுக்கு இன்னும் மூண்டு கிழமைதான் கிடக்கு, மிஸஸ். முப்பத்தைஞ்சு வயசு எனக்கு. இதுக்குப் பிறகு ஆர் கூப்பிடப்போகினம்? அம்மா முதல் தரமா கிரவுண்டுக்கு வந்து பாக்கப்போறா." என் மணிக்கட்டைப் பிடித்தாய். "ஒருத்தருக்கும் சொல்லமாட்டியள், என்ன?"

"ஓம்" என்றேன்.

அப்படி ஒரு வாக்குக் கேட்பதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் உனக்குக் கிடைத்திருக்க முடியாது. ஊரில் என் அண்ணையைத் தேடி ஆமி வந்த காலத்தில், ஐயா எங்களுக்குச் சொல்லித்தந்தது ஒன்றே ஒன்றுதான்: ஆர் என்ன கேட்டாலும் தெரியாது. வாசலில் துவக்கோடு நின்றவனிடம் அப்படிச் சொல்லி, நான் அண்ணையை ஒரு தரம் காப்பாற்றியும் இருக்கிறேன். அவர் அப்போது கோடிப்புறத்து விறகுக் கொட்டிலுக்குள் இருந்தார். சீருடையோ மேசையோ உள்ள ஒருவர் கேள்வி கேட்டால், அதற்குப் பின்னால் யாரோ ஒருவருக்கு ஆபத்து இருக்கிறது என்றுதான் என் உடம்பு பழகியிருக்கிறது. பட்டம் படித்ததும், பதின்மூன்று வருடம் இங்கே வாழ்ந்ததும் அதை மாற்றவில்லை.

உன் நாட்டு அணி உடற்தகுதிப் பத்திரம் கேட்டது. நான் வரவேற்பு மேசையில் வேலை செய்யும் கிளினிக்குக்கே நீ வந்தாய். எங்கள் இளம் டொக்டர் உன்னைக் கவனமாகப் பார்த்தார். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்தார், ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். நீ அவரைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தாய். நீ உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது அவர் கையெழுத்து வைக்காத பத்திரத்தோடு என் மேசைக்கு வந்தார். குரலைத் தாழ்த்தி, பிரெஞ்சில் கேட்டார்.

"மதாம், நீங்கள் இவருக்கு மேல்வீடு. நெற்றியில் காயம் இருக்கிறது, ஒன்றுமில்லை என்கிறார். மயங்கி விழுந்ததுண்டா? வலிப்பு மாதிரி ஏதாவது?"

"தெரியாது, டொக்டர். நான் ஒன்றும் காணவில்லை."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். என் மேசைப் பேனாவை எடுத்து, அங்கேயே கையெழுத்து வைத்தார். நீ வெளியே வந்து எனக்குக் கண்ணடித்தாய்.

ஆட்டம் முடிந்த அன்று உன் அம்மா வீட்டிலிருந்து ரெலிபோன் எடுத்தாய். "தலையாலை ஒரு கோல் அடிச்சன், மிஸஸ். அம்மா அழுகிறா. சரியான தலையிடி, படுக்கப்போறன், பேந்து எடுக்கிறன்." போனை வைத்துவிட்டு நான் சந்தோஷப்பட்டேன். உனக்கு ஒரு நல்லது செய்துவிட்டேன் என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் காலை, சின்ன வயதில் நீ படுத்த கட்டிலில் உன்னை எழுப்ப வந்த அம்மாவால் எழுப்ப முடியவில்லை. தலைக்குள் பல நாளாகவே இரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள்.

மாசியில் உன் அக்காவின் கடிதம் வந்தது. எனக்கு நன்றி சொல்லியிருந்தாள். நீ ஒவ்வொரு கடிதத்திலும் என்னைப் பற்றி எழுதுவாயாம். பத்திரம் கொடுத்த டொக்டர் மீது முறைப்பாடு செய்திருக்கிறார்களாம். "அவர் அவளிடமோ வேறு யாரிடமோ ஒரு வார்த்தை விசாரித்ததாகப் பதிவே இல்லை. உங்களிடம் கேட்டிருந்தாலாவது நீங்கள் சொல்லியிருப்பீர்கள்" என்று எழுதியிருந்தாள்.

அந்த வரியை என் மனுசனுக்கு வாசித்துக் காட்டினேன். இவர் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து நிமிராமல், "சரிதானே. ஒரு கேள்வி கேக்கிறதுக்கு அந்த டொக்டருக்கு என்ன வில்லங்கம்? கேட்டிருந்தா அந்தப் பிள்ளை இண்டைக்குக் கீழை இருந்திருக்கும்" என்றார். பிறகு, "நீர் ஏன் சாப்பிடாமல் இருக்கிறீர்?" என்றார்.

டொக்டர் இப்போது எல்லா நோயாளிகளிடமும் ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்கிறார். தடிமன் காய்ச்சலுக்கு வந்த கிழவியிடம் மயங்கி விழுந்ததுண்டா என்று கேட்டு எழுதிக்கொள்கிறார். மெலிந்துவிட்டார். போன கிழமை என் மேசையருகே வந்து நின்றார். "மதாம், நான் அன்று யாரிடமோ விசாரித்தேன் என்று ஒரு நினைவு. உங்களிடமா? நானே கற்பனை பண்ணிக்கொள்கிறேனா, விளங்கவில்லை."

"ஞாபகம் இல்லை, டொக்டர்" என்றேன்.

முதல் தரம் சொன்னது உனக்காக. அதற்கு நீ கேட்ட வாக்கு இருந்தது. இந்த இரண்டாவது யாருக்காக? நீ போய்விட்டாய். இனி ஒளித்துவைக்க விறகுக் கொட்டிலுக்குள் ஒருவரும் இல்லை, என்னைத் தவிர. டொக்டர் மனம் தளர்ந்து தன்னையே நம்பாமல் போவதை, எட்டு மணியிலிருந்து நாலு மணிவரை கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்க்கிறேன். மடியில் உன் தலையின் பாரம் இருந்த இடம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதை இறக்கிவைக்க எனக்கு விருப்பமும் இல்லை. அந்த மனிதனை மட்டும் அதற்குக் கீழே கிடத்தக் கூடாது.

வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவரை மருத்துவச் சபை அலுவலகத்துக்கு விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள். நான் அன்றைக்குப் பல்லுக் காட்டப் போவதாகச் சொல்லி லீவு எடுத்திருக்கிறேன். அவர் என்னிடம் கேட்டார் என்று சொல்ல, ஒன்பது மணிக்கே அந்த அலுவலக வாசலில் நிற்பேன். வேலை போகும். இந்தத் தெருவில் என் பெயரும் போகலாம்.

ஆனால் உன் அக்காவுக்கு இது ஒரு அலுவலகக் கடிதத்தால் தெரியவரக் கூடாது. இப்போது ஞாயிறு காலை பத்து மணி. இவர் கடைக்குப் போயிருக்கிறார். உன் அம்மா வீட்டு நம்பரை ரெலிபோனுக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அங்கே பின்னேரம் மூன்று மணி, அக்கா அம்மாவோடு இருக்கும் நேரம். இதை எழுதி முடித்ததும் எடுத்து, பல்கனியில் நடந்ததிலிருந்து தொடங்கப்போகிறேன்.