அத்தைக்கு விரித்த பாய்

வவாவு தீவு, டோங்கா
6 ஆகஸ்ட் 2005

அன்பும் மரியாதையும் நிறைந்த என் அக்கா லெசியேலிக்கு,

தம்பி பெனிசிமானி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். வேலைநிறுத்த மேடையில் நீங்கள் பேசியதை வானொலியில் கேட்டோம். "பிறப்பால யாரும் யாருக்கும் மேல இல்ல. மந்திரிகள அரசர் நியமிக்க வேண்டாம், நாங்க தேர்ந்தெடுக்கிறோம்" என்றீர்களே, கிழங்குத் தோட்டத்தில் வேலையைப் போட்டுவிட்டு அப்படியே நின்றேன்.

மறுநாளே பிரபுவின் ஆள் வந்தான். "வாத்தியாரம்மாவ அடக்கி வை. நீ பயிர் வைக்கிறது பிரபுவோட நிலம்" என்றான். "தம்பி அக்காவ அடக்குற ஊர் எதுன்னு சொல்லுங்க, போய்ப் பாத்துட்டு வரேன்" என்றேன். சிரித்துவிட்டுப் போனான்.

டிசம்பரில் மகள் அகநேசியின் கல்யாணம். வழக்கப்படி அத்தை எல்லோருக்கும் மேலாக உட்காரும் பாயை முடைந்து வைத்தாயிற்று. இன்னொன்று, எழுத வெட்கமாக இருக்கிறது. மகளுக்குக் கல்யாணம் பேசும் நேரத்தில் என் மனைவி சேலாவுக்கு வயிற்றில் பிள்ளை. பெயர் வைக்க வேண்டியவர் அத்தைதான். யோசித்து வையுங்கள்.

உங்கள் தம்பி,
பெனிசிமானி

நூக்குஅலோஃபா
2 செப்டம்பர் 2005

அன்புத் தம்பிக்கு,

வெட்கப்படுகிற மூஞ்சியைப் பார்! சேலாவுக்கு நல்ல மீனாக வாங்கிக் கொடு. பெயரை நினைத்துவிட்டேன், இப்போது சொல்லமாட்டேன்.

இங்கே தலைநகரில் தாதிகளும் ஆசிரியர்களுமாகப் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறோம். யாராவது தினமும் பன்றி சுட்டுக் கொண்டுவந்து விடுகிறார்கள். போராடி உடம்பு பெருத்தவள் நானாகத்தான் இருப்பேன். அரசர்மேல் எனக்குக் கோபமில்லை, தம்பி. தரையில் குனிந்து கேட்டதை இனி நிமிர்ந்து கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

நேற்று நான் பேசும்போது அரண்மனைப் பக்கத்து ஆள் ஒருவன் கத்தினான்: "தம்பி வீட்டு விசேஷத்துல மட்டும் அத்தைன்னு எல்லாருக்கும் மேல ஏறி உக்காருவியே, அது என்ன பிறப்பாம்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் அது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அக்கா லெசியேலி

வவாவு
19 டிசம்பர் 2005

அக்காவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். கல்யாணத்தன்று கேட்க வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பாயை விரித்து அகநேசியே வந்து உங்களை அழைத்தாள். "நானும் எல்லாரையும் போலத்தாம்மா" என்று சொல்லிவிட்டு நீங்கள் அடுப்படிப் பெண்களோடு போய் உட்கார்ந்தீர்கள். அத்தைக்கென்று வைத்த கேக்கின் மேல்தட்டைச் சிறுபிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்தீர்கள். உங்கள் முன் வைத்த பெரிய கிழங்கைச் சமையலுக்கு அனுப்பினீர்கள். சம்பந்தி காலிப் பாயைப் பார்த்து, "பொண்ணுக்கு அத்தை செத்துப்போச்சா?" என்று கேட்டார். என் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அக்கா, அந்தக் கிழங்கு பிரபுவுக்குப் போகவேண்டியது. விளைச்சலின் முதல் கிழங்கை அப்பா காலத்திலிருந்து அவருக்குத்தான் கொடுத்துவந்தோம். நீங்கள் மேடையில் பேசியதைக் கேட்டுத்தான் இந்த வருஷம் மாட்டேன் என்றேன். அவர் பிரபுவாகப் பிறந்ததால் கேட்டு வாங்குகிறார். உங்களுக்கு, நீங்கள் கேட்காமலே, நானாகக் கொடுத்தேன். இரண்டும் ஒன்றா? நிலத்தை விட்டுப் போகச் சொல்லி ஆள் வந்துவிட்டான். அதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பெனிசிமானி

நூக்குஅலோஃபா
4 ஜனவரி 2006

என் உயிரான தம்பிக்கு,

படித்துவிட்டு அழுதேன். பூங்காவில் கத்தியவனுக்குப் பதில் சொல்கிறேன் என்று, உன் வீட்டில் உன்னை அவமானப்படுத்திவிட்டேன். கிழங்கு விஷயத்தை முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா? நிலத்தையும் என் பேச்சால் இழந்தாயே.

பிள்ளை பிறந்ததும் சொல்லியனுப்பு, அடுத்த கப்பலில் வருகிறேன். பாயை விரி, உட்காருகிறேன். ஆண் என்றால் அப்பாவின் பெயர், ஃபங்குபோ. பெண் என்றால் வந்து சொல்கிறேன். பதில் போடு தம்பி.

உன் அக்கா

ஹாபாய்
21 மே 2006

லெசியேலி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வவாவு நிலத்தை விட்டு வந்து, இப்போது சேலாவின் அண்ணன் நிலத்தில் இருக்கிறோம். ஆட்சியை எப்படி மாற்றலாம் என்று ஊர் ஊராகக் கருத்துக் கேட்கும் குழு போன வாரம் இங்கு வந்தது. எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். "பிறப்பால யாரும் யாருக்கும் மேல இல்ல. மந்திரிகள நாங்க தேர்ந்தெடுக்கணும்" என்றேன். நீங்கள் மேடையில் சொன்னது நியாயம்தான். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

மார்ச்சில் பையன் பிறந்தான். பாய் விரிக்கவில்லை. நீங்கள் விரும்பியபடியே, எல்லோரையும் போல எப்போது வேண்டுமானாலும் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். பெயரை நாங்களே வைத்துவிட்டோம்.

இப்படிக்கு,
பெனிசிமானி