ஆறாவது மாடிக் கதவு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் மனைவிக்கு முதுகுவலி தேவலையா? போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே விழுவாய், அதனால்தான் கடிதம்.

லிஃப்ட் பாதுகாப்புத் துறையின் மேற்பார்வைக் குழுவில், பொதுமக்கள் சார்பாக என்னைப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னேனே. கணக்கு டீச்சருக்கு லிஃப்டைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்தாய். எனக்கும் அதே சந்தேகம்தான். நாம் போய் லிஃப்டைச் சோதிக்க வேண்டுமா என்று முதல் கூட்டத்திலேயே கேட்டுவிட்டேன். தலைவர் நிதானமாக, "நாம லிஃப்டைப் பாக்கறவங்க இல்லம்மா, இன்ஸ்பெக்டருங்க ஒழுங்கா பாத்தாங்களான்னு பாக்கறவங்க" என்றார். அப்படியானால் நம்மை யார் பார்ப்பார்கள் என்றேன். நம் கூட்டக் குறிப்புகளை யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம், அதுதான் நமக்குக் கடிவாளம் என்றார். எனக்கு அது பிடித்துப்போயிற்று.

ஆளுக்கு நாற்பது சோதனைப் படிவம் கொடுத்தார்கள். விடைத்தாள் திருத்திய கை சும்மா இருக்குமா? எட்டு மாதத்துக்கு முந்திய ஒன்றில், 'ஆறாவது மாடிக் கதவு: சரி' என்றிருந்தது. அது நான் பல் பிடுங்கிக்கொண்ட கட்டடம். மறுநாளே போய் மாடிகளை எண்ணினேன். ஐந்துதான். பக்கத்துக் கட்டடத்துக்குத்தான் ஆறு. அதன் படிவத்தைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறார்கள். அடுத்த பிள்ளையின் பெயரையும் சேர்த்துக் காப்பியடித்தவர்களை எல்லாம் பார்த்தவள் நான், முதலில் சிரிப்புத்தான் வந்தது.

நான்காவது மாடியில் லிஃப்ட் கதவுக்குக் குறுக்கே ஒரு நாற்காலி போட்டிருந்தது. பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஏன் என்று கேட்டேன். "லிஃப்ட் வராமலே கதவு தொறந்துக்குதும்மா. கொழந்தைங்க வர்ற எடம், அதான் பத்து மாசமா நானே போட்டு வெச்சிருக்கேன்" என்றார். எட்டிப் பார்த்தேன், கீழே வெறும் இருட்டு. லிஃப்டை நிறுத்த எங்கள் குழுவுக்கு அதிகாரம் இல்லை. அங்கிருந்தே துறை மேலாளருக்கு போன் செய்தேன். சாயங்காலத்துக்குள் பூட்டிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து படிவத்தின் அடியில் பார்த்தேன், உன் கையெழுத்து. அதைவிட என்னை உலுக்கியது தேதி. அன்று காலை முதல் நீ ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலை விட்டு நகரவில்லை. மறுநாள் அப்பா போய்விட்டார். நீ அங்கே இருந்தது எங்கள் குழுவில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். ஒரு நாள் லீவு கேட்டிருக்கக் கூடாதா? கேட்டும் கொடுக்கவில்லையா? ஒரே ஆளுக்கு எத்தனை கட்டடம் கொடுத்தார்கள்? இதையெல்லாம் எங்கள் குழு கேட்டாக வேண்டும். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

புதன்கிழமை கூட்டம். இந்த இன்ஸ்பெக்டர் என் தம்பி என்று சொல்லிவிட்டு நான் வெளியே போக வேண்டும், விதி அப்படி. போகும்முன் தெரிந்ததைச் சொல்லவும் வேண்டும். மாற்றலாகிப் போன ஊரில் இப்போது நீ புது இன்ஸ்பெக்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாய். உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

செவ்வாய்க்கிழமைக்குள் தலைவருக்கு நீயே எழுதிவிடப்பா. அன்று எங்கே இருந்தாய் என்பதையும் எழுது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீ எழுதாவிட்டால் நான் சொல்லத்தான் போகிறேன். அதற்குப் பிறகும் நீ என்னோடு பேச வேண்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்றே நினைக்கும்,
அக்கா